விரதம் முடிந்தும் திறக்காத வாய்

கந்தசஷ்டியின் நாலாம் நாள் காலை, சாமிப்படத்துக்கு முன்னால் நின்று முருகன் பாட்டொன்றை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் வெளியே வராது, உதடு மட்டும் அசையும். விரத நாட்களில் ஐந்து வருடமாக அப்படித்தான். அன்று பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உதடு அசையவில்லை என்பது பாதிப் பாட்டில்தான் எனக்குத் தெரியவந்தது.

பட்டினி மயக்கம் என்று நினைத்தேன். விளக்கைத் தூண்டிவிட்டு, கதிரையில் சாய்ந்து இருந்தேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் மற்றது விளங்கும். வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருந்தெருவில் உள்ள ஒரு சீலைக்கடையில் பத்தொன்பது வருடம் நின்றவள் நான். படித்தது சாதாரண தரம் வரை. கதைக்க, வாயால் பேசிச் சமாளிக்க மட்டும் நானாகப் பழகினேன். சீலை பார்க்க வருபவர்கள் வாயால் எடுத்துவிடும் வசனங்களை ஒரு சிறு கொப்பியில் எழுதி வைப்பேன். “கலர் நல்லம், ஆனா என்ர முகத்தோட சண்டை பிடிக்குது” என்று ஒரு அம்மா சொன்னார். கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த ஒரு மணமகள், “இதைக் கட்டினா நான் மாமிக்கு மாமி மாதிரி இருப்பன்” என்றாள். அந்தக் கொப்பிதான் என் படிப்பு.

அப்படிப்பட்ட நான் வருடத்தில் ஆறு நாள் வாயைக் கட்டினேன். தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு கந்தசஷ்டி வரும். கடையில் ஈ ஓட்டும் நேரம், முதலாளி தாராளமாக லீவு தருவார். ஆறு நாளும் ஒரு நேரம் பாலும் பழமும், முழு மௌனம். எழுதிக் காட்டுவதும் இல்லை. என் போனை மகள் மதுரா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கொண்டுபோய்விடுவாள். அப்படிச் செய்யச் சொன்னதும் நான்தான். ஏழாம் நாள் பாறணை, விரதம் முடிக்கும் நாள். கோவிலில் தீபம் காட்டும்போது “முருகா” என்று வாய்விட்டுச் சொன்னால் மௌனம் முடியும்.

என் கணவர் சிவம் எங்கள் ஒழுங்கையின் முகப்பில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். அந்த ஆறு நாளைப் பற்றி அவர் எல்லோருக்கும் சொல்லும் ஒரே பகிடி இதுதான்: “வருஷத்தில ஆறு நாள்தான் எங்கட வீட்டில ரேடியோச் சத்தம் கேக்கும்.”

ஆகவே நாலாம் நாள் காலை நான் வாய் திறக்காமல் இருந்ததை யார் கவனிப்பார்கள்? நானே கவனிக்கவில்லையே.

சிறிது நேரத்தில் வலக்கை கனத்தது. குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். முகம் கோணவில்லை. ஸ்ட்ரோக் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் தடைப்படுவது) என்றால் வாய் ஒரு பக்கம் இழுபடும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். என் வாய் எந்தப் பக்கமும் இழுபடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தொங்கியது. அது இன்னும் மோசம் என்று எனக்கு அப்போது தெரியாது.

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். விரதத்தை முறிக்கப் போகிறேன், அது வெளியே கேட்கக் கூடாது என்ற வெட்கம். “முருகா” என்று சொல்லிப் பார்த்தேன். “ஹா” என்று காற்று வந்தது. உதட்டை மூடச் சொன்னேன். மூடவில்லை. நாக்கை நீட்டச் சொன்னேன். அது எனக்குத் தெரியாத யாருடைய வீட்டிலோ படுத்திருந்தது.

வெளியே வந்து கணவரிடம் வாயைக் காட்டினேன். அவர் கடை திறக்கும் அவசரத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“பசிக்குதோ? பசிச்சால் குடியும், முருகன் ஒண்டும் கோவிக்க மாட்டார்,” என்றார். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். “சரி, உம்மட பிடிவாதம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் அதற்கு முதலே வேலைக்குப் போயிருந்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. படுத்தால் சரிவரும் என்று படுத்தேன். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்படி நடந்தால், தயவுசெய்து படுக்க வேண்டாம். அந்த முதல் சில மணித்தியாலங்களுக்குள் போனால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வழியிருக்கும் என்று பின்னர் சொன்னார்கள். நான் அந்த நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு, விரதத்தில் என்ன பிழை விட்டேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது தலையணை நனைந்திருந்தது. எச்சிலை விழுங்கவும் எனக்கு மறந்துபோயிருந்தது. கலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்து, கோணல் எழுத்தில் எழுதினேன்: வாய் அசையவில்லை. இது விரதம் இல்லை.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சாப்பிடாமலே த்ரீவீலுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் என்னைப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், கன்னத்தை ஊதச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. எப்போதிருந்து கதைக்கவில்லை என்று என் கணவரிடம் கேட்டார். என் கணவர் உண்மை பேசுகிற மனிதர். “நாலு நாளா, டொக்டர்,” என்றார். பிறகு விரதத்தை விளக்கினார். ஐந்து வருடமாக நடப்பதையும் விளக்கினார்.

டொக்டரின் பேனா நின்றதை நான் பார்த்தேன். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை வேறு. சி.டி (தலையைத் துண்டு துண்டாகக் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். முதல் நாளில் சில நேரம் அப்படித் தெரியாமல் இருக்கலாம் என்பது இப்போது எனக்குத் தெரியும். கை கால் கிட்டத்தட்டச் சரி, எழுத முடிகிறது, கேட்பது விளங்குகிறது. அப்படியானால் மனதில் ஏதாவது இருக்குமோ, வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று அவர் மெதுவாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள்தான் அவருக்கு அந்தக் கதையைக் கொடுத்தோம்.

வார்ட்டில் எனக்கு அடுத்த கட்டிலில் ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்த செல்வி. கால் மரத்துப்போய் வந்தவள். வாய் மட்டும் இரண்டு பேருக்குப் போதும். ஐந்தாம் நாள் மத்தியானம் மதுரா என் பக்கத்தில் இருந்து, வாயில் வடியும் எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செல்வி என் முகத்தைச் சாய்ந்து பார்த்துவிட்டு, மிகுந்த அனுதாபத்தோடு சொன்னாள்:

“அக்கா, ஒங்க மூஞ்சி பில்லு கட்டாத போன் மாதிரி இருக்கு. எல்லாம் கேக்குது, ஒண்ணும் போக மாட்டேங்குது.”

நான் சிரித்துவிட்டேன். சின்னச் சிரிப்பு இல்லை. கன்னம் ஏறி, கண் சுருங்கி, பல் முழுதும் தெரிய, சத்தத்தோடு சிரித்தேன். என் பழைய சிரிப்பு. மதுரா கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள்.

“அம்மா, இப்ப சிரிச்சனீங்கள்.”

ஓம் என்று தலையாட்டினேன். எனக்கும் ஆச்சரியம், சந்தோசம்.

“அப்ப டொக்டர் பல்லைக் காட்டச் சொல்லேக்க ஏன் காட்டேல்லை?”

திரும்பவும் சிரிக்க முயன்றேன். முழுப்பலத்தோடு முயன்றேன். முகம் சுவர் மாதிரி நின்றது. அவளுடைய கண்ணில் கவலை மெல்ல வடிந்து, அதற்குக் கீழே இருந்த கோபம் தெரிந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

“விரதத்தை முறிக்கக் கூடாது எண்டுதானே இப்படி இருக்கிறீங்கள்? அப்பா ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை, அம்மா.”

நோயாளிக்கு நோய்தான் பாரம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்தப் பின்னேரம் எனக்குப் பாரமாக இருந்தது நோய் இல்லை. என்னை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே நிற்பவர்கள் “திறப்பு உன் கையில்தானே இருக்கிறது” என்று சொல்வதுபோல இருந்தது. நான் எழுதிக் காட்டினேன்: நடிக்கவில்லை. “சரி அம்மா,” என்றாள். நம்பாதவர்கள் சொல்லும் “சரி” எது என்று பத்தொன்பது வருடம் கடையில் நின்றவளுக்குத் தெரியும்.

ஆறாம் நாள் சூரன்போர். நான் கட்டிலில். கணவரும் மகளும் எதற்கோ காத்திருப்பது தெரிந்தது. எதற்கு என்பது ஏழாம் நாள் காலையில்தான் விளங்கியது.

அவர் கோவிலுக்குப் போய்விட்டு நேரே வந்தார். நெற்றி நிறைய விபூதி. ஒரு சின்னப் போத்தலில் அபிஷேகப் பால். எனக்கு விபூதி பூசிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாகச் சொன்னார்:

“விரதம் முடிஞ்சுது, ராஜி. பாறணைப் பால் கொண்டு வந்திருக்கிறன். இனிக் கதையும்.”

அவருடைய முகம் அவ்வளவு நம்பிக்கையோடு இருந்தது. எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே நான்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறேனோ? இப்போது விட்டால் வந்துவிடுமோ? “மு” என்பதற்கு உதட்டைச் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சொன்னேன். உலகத்தில் இருக்கும் எல்லா மரியாதையோடும் என் உதட்டிடம் கேட்டேன்.

காற்று வந்தது. அவர் ஒரு கரண்டிப் பாலை வாயில் விட்டார். அது தொண்டையில் போக வேண்டிய பக்கம் போகவில்லை. மூச்சு அடைத்தது. நான் நீலமாகிப் போனேன் என்று செல்வி பிறகு சொன்னாள். அவள்தான் நேர்ஸைக் கூப்பிட்டுக் கத்தியவள். வாயில் குழாய் விட்டுப் பாலை உறிஞ்சி எடுத்தார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தேன். என் கணவர் வார்ட்டின் சுவரோடு ஒட்டி நின்றார். கையில் மூடி இல்லாத போத்தல். விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. நான் நடிக்கவில்லை என்று அவர் அப்போதுதான் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நான் அவ்வளவு விலை கொடுத்தேன் என்பதை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

அன்றே பெரிய நரம்பியல் டொக்டர் வந்தார். சிங்களவர். மட்டக்களப்பில் வேலை செய்தபோது தமிழ் பழகியவர். அவர் என்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, மகளிடம் இதையும் அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். எனக்குக் கொட்டாவி வந்தது. வாய் தன்பாட்டுக்கு அகலத் திறந்து மூடியது.

“ஆ, இதுக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தன்,” என்றார். “இப்ப வாயைத் திறங்கோ, அம்மா.”

திறக்கவில்லை.

“அம்மா நடிக்கேல்லை, மகள். நடிக்கிறதெண்டால் முகத்துக்குக் கட்டளை போக வேணும். இவங்களுக்குப் போகாதது அந்தக் கட்டளைதான்.”

பிறகு எம்.ஆர்.ஐ (காந்தத்தால் எடுக்கும் மிக நுட்பமான படம்) எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். முகத்தை, உதட்டை, நாக்கை, நாம் நினைத்து அசைப்பதற்கு மூளையின் மேற்பரப்பில் இரண்டு பக்கமும் இடம் இருக்கிறதாம். ஒரு பக்கம் பழுதானால் மற்றப் பக்கம் ஓரளவு சமாளிக்கும். எனக்கு இடப்பக்கத்தில் புதுக்காயம். வலப்பக்கத்தில் ஒரு பழைய தழும்பு. அது எப்போது வந்தது என்று கேட்டபோது எனக்கு நினைவு வந்தது. ஆடி மாதம் ஒருநாள் கடையில் தேத்தண்ணி இடப்பக்க வாயோரத்தால் வடிந்தது. பின்னேரம் வரை நாக்குத் தடித்தது. களைப்பு என்று விட்டுவிட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

“ஆனா சிரிப்பு?” என்று மதுரா கேட்டாள்.

சிரிப்பு, அழுகை, கொட்டாவி இவை வேறு வழியால் முகத்துக்கு வருகின்றன என்றார். வீடு எங்கே என்று கேட்டார். வெள்ளவத்தை என்றதும் அவருக்கு உதாரணம் கிடைத்துவிட்டது.

“காலி வீதி ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. பக்கத்தில கடற்கரையோட போற மரைன் டிரைவ் திறந்திருக்கு. ஆனா மரைன் டிரைவில உங்கட காரை நீங்க ஓட்ட ஏலாது. அதில வாறது தானா வாறதுதான்.”

நான் எழுதிக் கேட்டேன்: எப்போது திறக்கும்? அவர் அந்தத் தாளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். “திறக்கும் எண்டு சொல்ல மாட்டன். பக்கத்துச் சின்ன ஒழுங்கைகளால போகப் பழகலாம். கன நாள் எடுக்கும்,” என்றார். பொய் சொல்லாததற்கு அவருக்கு இன்றும் நன்றி.

அன்று பின்னேரம் மதுரா என் தலையைச் சீவிப் பின்னிவிட்டாள். பின்னி முடித்து, என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுகைக்கு முகம் வேலை செய்தது.

மூக்கால் வயிற்றுக்குப் போகும் குழாயோடு ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல். பிறகு தடித்த கஞ்சி, மசித்த வாழைப்பழம், தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு சேர்த்து வைத்து ஒவ்வொரு கரண்டியாக. தண்ணீர்தான் கடைசியாக வந்தது. மெல்லியதை விழுங்குவதுதான் கஷ்டம் என்று யாரும் முதலில் நம்புவதில்லை.

பேச்சுச் சிகிச்சை தருபவள் நிசன்சலா என்ற சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம்தான். முதல் நாளே கண்ணாடியை என் முன்னால் வைத்தாள். ஐஸ் குச்சியால் உதட்டைத் தடவினாள். கடதாசித் துண்டுகளை மேசையில் போட்டு ஊதச் சொன்னாள். மூச்சு மூக்கால் போனது, கடதாசி அசையவில்லை. உதட்டை விரலால் பிடித்து மூடி, “ம்” என்று சொல்லச் சொன்னாள்.

“அம்மா. எங்களுக்கும் அம்மா, உங்களுக்கும் அம்மா. அதால தொடங்குவம், ஆன்ட்டி.”

அவள் சொன்ன ஒன்றை என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். “சிரிக்கப் பாக்க வேணாம். சிரிப்பு வரும்போது பிடிச்சு வைங்க.” அதாவது ஏதாவது பகிடியில் முகம் தானாக விரியும்போது, அந்த நிலையை ஒரு கணம் கூடுதலாக வைத்திருக்கப் பழகுவது. பகிடி சொல்ல ஆள் வேண்டும். என் கணவர் பொறுப்பை எடுத்தார். அவருடைய பகிடிகளுக்குச் சிரிப்பு வருவது இலேசு இல்லை. ஆனால் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கும் விதம் இருக்கிறதே, அதற்கு வந்துவிடும்.

நாலு மாதத்தில் “அம்மா” வந்தது, “அப்பா” வந்தது, அரைகுறையாக “மதுரா” வந்தது. “முருகா” மட்டும் வரவில்லை. “மு”வுக்கு உதடு மூடி, உடனே குவிய வேண்டும். இரண்டு கட்டளை ஒன்றன்பின் ஒன்றாக. முதல் கட்டளையிலேயே நான் களைத்துவிடுவேன். என் மனதில் அந்த விரதம் முடியாமலே கிடந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் எடுத்தாகிவிட்டது, வீட்டுக்கு வந்தாகிவிட்டது. ஆனாலும் நான் இன்னும் அந்த ஆறு நாளுக்குள்தான் இருந்தேன். வெளியே கலண்டர் கிழிபட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் மருந்துக்கடைக்குப் போகக் காலி வீதியைக் கடந்தோம். ஆட்கள் கடக்கும் மஞ்சள் கடவையில் பாதி வந்தபோது, நிற்கப் போவதாகக் காட்டிய பஸ் நிற்காமல் வந்தது. கணவரைப் பின்னால் இழுத்தேன்.

“முருகா!”

தெளிவாக, பழைய குரலில், கடைக்காரி குரலில். என் வாயிலிருந்துதான் வந்தது.

பஸ் போய்விட்டது. அவர் நடுவீதியில் நின்று என்னையே பார்த்தார். வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. “இன்னொருக்காச் சொல்லும்,” என்றார். நான் உதட்டைச் சேர்க்க முயன்றேன். வழக்கம்போல ஒன்றுமில்லை. ஒரு த்ரீவீல்காரர் சிங்களத்தில் எங்களை நன்றாகத் திட்டினார். அதன் பிறகுதான் வீதியைக் கடந்தோம்.

அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. முருகன் கேட்டுவிட்டார், விரதம் முடிந்தது என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து எழுதினேன்: அது வந்தது. நான் சொல்லவில்லை.

இதை எப்படி விளக்குவது என்று கன நாள் யோசித்தேன். நமக்கு முகம் ஒன்று என்று நினைக்கிறோம். எனக்கு இரண்டு. ஒன்றை நான் வைத்திருக்கிறேன். மற்றது என்னை வைத்திருக்கிறது. இரண்டாவது நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோசப்படலாம். ஆனால் முதலாவதுதான் நான்.

அடுத்த கந்தசஷ்டி வந்தது. விரதம் பிடிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் மூன்று நேரமும் சாப்பிட்டு, ஒவ்வொரு நாளும் கண்ணாடியோடு இருந்தேன். என் கணவர் தான் மௌனம் பிடிக்கப் போவதாக அறிவித்தார். வாழ்க்கையில் ஒரு சஷ்டியும் பிடிக்காத மனிதர். முதல் நாள் கழிந்தது. இரண்டாம் நாள் மரக்கறிக் கடையில் அழுகின பூசணித் துண்டைப் பையில் போட்ட கடைக்காரனிடம், சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, “மல்லி, இது என்ன அநியாயம், எனக்குக் கண் இல்லையோ?” என்று தொடங்கி இரண்டு நிமிடம் விடாமல் பேசினார். பிறகுதான் நினைவு வந்து வாயைப் பொத்தினார்.

நான் சிரித்த சிரிப்பை நிசன்சலா சொன்னபடி பிடித்து வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்வரை அது என் கையில் இருந்தது. என் கையில்.

ஏழாம் நாள் கோவிலில் சனம். முன்னால் நிற்க இடம் விட்டார்கள். தீபம் எழுந்தது. பக்கத்தில் யார் யாரோ “முருகா, முருகா” என்று எத்தனை இலேசாகச் சொன்னார்கள். நான் இரண்டு விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடித்தேன். ம். விரலை எடுத்து, குவியச் சொன்னேன். காத்திருந்தேன். குவிந்தது. மு. நாக்கைத் தேடினேன். ரு. பிறகு தொண்டை. கா.

அதற்குள் தீபம் கீழே போய்விட்டது. ஐயர் விபூதித் தட்டோடு திரும்பிவிட்டார். சொல் தெளிவாக இருந்திருக்காது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று மதுரா பிறகு சொன்னாள். என் முகத்தில் இனி முக்கியமானவை தெரிவதில்லை, சின்னப் பகிடிகள்தான் தெரியும். அதற்கு நாங்கள் பழகிவிட்டோம்.

இப்போது கடையின் பின்பக்கம் சீலை மடிக்கிறேன். முன்பு மூன்று சீலை விரிக்கும் நேரத்தில் நூறு வார்த்தை விட்டிருப்பேன், எதுவும் நினைவில் நிற்காது. இப்போது ஒரு சொல்லுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அதில் நின்று, உதடு வருமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததில் கால் வைக்கிறேன். வாசலுக்கு வெளியே போகிற மாதிரி ஒவ்வொரு சொல்லும்.

அந்த ஏழாம் நாள், கோவில் வாசலில் என் கணவர் செருப்பைத் தேடி எடுத்து என் காலடியில் வைத்தார். குனிந்தபடியே கேட்டார்.

“முடிஞ்சுதோ, ராஜி?”

“ஓம்” என்பது சின்னச் சொல். உதடு குவிய வேண்டும், பிறகு மூட வேண்டும். எனக்கு நேரம் எடுத்தது. பின்னால் சனம் தள்ளியது. அவர் நிமிராமல், என் செருப்பில் கையை வைத்தபடி, அது வரும்வரை நின்றார்.